மூன்றாவது பூஜ்ஜியம்

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டாவது ஸ்கேனும் பூஜ்ஜியம்!

டாக்டர் மீனலோசனி என் மணிக்கட்டில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். திரை முழுக்கக் கறுப்பும் சாம்பலும்தான். "சிவப்பு எங்கயாவது தெரியுதா, நீங்களே பாருங்க" என்றார். ஒரு பொட்டுகூட இல்லை. போன வருடம் இதே திரையில் என் மணிக்கட்டுக்குள் தீபாவளி நடந்தது. மூட்டுக்குள் நோய் விழித்திருந்தால் அங்கே இரத்தம் கூடுதலாக ஓடுமாம், அந்த ஓட்டத்தை மிஷின் சிவப்பாகக் காட்டுமாம். சிவப்பின் அளவைப் பார்த்து மூன்று வரை மார்க். பூஜ்ஜியம் வாங்கினால்தான் பாஸ். கணக்கு வாத்தியார் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு பரீட்சை.

எனக்கு முடக்குவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஞாயிறுதோறும் போடுகிற மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அதைப் போடும் காலத்தில் உண்டாகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தொடர்ந்து மூன்று ஸ்கேன் பூஜ்ஜியம் வந்தால் அதை நிறுத்தி, பிள்ளைக்குக் கெடுதல் இல்லாத வேறு மாத்திரைக்கு மாற்றுவார். அதற்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்து முயற்சி செய்யலாம். மூன்றாவது ஸ்கேன் டிசம்பர் 11.

அதுவரைக்கும் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். காலையில் விரல்கள் எத்தனை நிமிடம் விறைத்திருந்தன, வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுத வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் ஓர் எண்தான் அடங்கும். எனக்கோ வாய் நீளம். அதனால்தான் இந்த டைரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாயர்புரத்தில் என் கொழுந்தன் மகனுக்கு ஞானஸ்நானம். பிள்ளையை எல்லாரும் கை மாற்றி மாற்றி வாங்கினார்கள். என் முறை வந்தபோது விரல்களை நம்பாமல் முழங்கையை மடித்து, அதில் கிடத்திக்கொண்டேன். மாமியார் உடனே ஒரு கையை அடியில் கொடுத்தார். நல்லெண்ணம்தான். அவர் தூணோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், தங்கதுரை சார். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு அவர்தான் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை. எங்கள் வீட்டில் இது ஓர் ஆராதனை. என் கட்டைவிரலால் ஸ்ட்ரிப்பை அமுக்கி மாத்திரையை எடுக்க முடியாது. அவரே எடுத்து, சின்னச் சின்னதாக மஞ்சள் மாத்திரை ஆறையும் என் உள்ளங்கையில் வைப்பார். இரண்டு பேரும் கண்ணை மூடுவோம். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, இந்த மருந்தை உமது கரத்தால் தொட்டு ஆசீர்வதியும்" என்று தொடங்கி, டாக்டர், மிஷின், மருந்துக்கடைக்காரர் வரை ஜெபிப்பார். ஆமென் சொன்னதும் நான் கண்ணைத் திறக்காமலே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவேன். மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

வழக்கம்போல் குமட்டல். இந்த மாத்திரை ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால் திங்கட்கிழமை தன் வேலையைக் காட்டும். இதற்காகத்தான் என் பியூட்டி பார்லருக்குத் திங்கள் லீவு. ரசம் சோறு, எலுமிச்சம்பழம், படுக்கை.

செப்டம்பர் 22, திங்கள்

அதிசயம். குமட்டல் இல்லை. இட்லி ஐந்து சாப்பிட்டேன்.

அட்டை: விறைப்பு 5 நிமிடம், வலி 1.

அக்டோபர் 6, திங்கள்

மூன்றாவது திங்களாக வயிறு சமத்தாக இருக்கிறது. உடம்பு ஒருவழியாக மருந்துக்குப் பழகிவிட்டது போலும். இனி திங்களும் கடையைத் திறக்கலாம் என்று ஷகிலாக்காவிடம் சொன்னேன். ஷகிலாக்கா மேலப்பாளையம், பார்லரில் என் கூட்டாளி. "ஒனக்கு ஒடம்பு சரியானா எனக்குல்லா லீவு போச்சு" என்று சிரித்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இப்போதெல்லாம் இவர் ஜெபம் சுருங்கிவிட்டது. டாக்டர், மிஷின், மருந்து எல்லாம் போய், "பியூலாவை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று ஒரே வரி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நீட்டி முழக்காமல் என்னை மட்டும் நினைக்கிறார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பார்லரில் காலையிலிருந்து நிற்க நேரமில்லை, ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கும் போகவில்லை. மாத்திரையை அவர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்து, வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போனார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒரு கஸ்டமர் சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாலையில் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது வலது சுட்டுவிரல் மடங்க மறுத்தது. நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை கையில், நடுவே அந்தப் பெண்ணின் பாதிப் புருவம். ஷகிலாக்கா வந்து மீதியை முடித்தாள். இருபத்தெட்டுப் பேருக்குப் புருவம் எடுத்தால் யார் விரல்தான் மடங்கும்?

அட்டை: 10 நிமிடம், வலி 2.

நவம்பர் 3, திங்கள்

இரண்டு நாளாக அடைமழை. காலையில் குழாயை முழங்கையால் திருப்பினேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்வரை விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. மழைக் குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான்.

அட்டை: 10 நிமிடம். முதலில் 60 என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் டாக்டர் டிசம்பர் ஸ்கேனைத் தள்ளிப்போடுவார், இல்லையென்றால் மருந்தைக் கூட்டுவார். மிஷின் எப்படியும் உள்ளதைச் சொல்லத்தானே போகிறது, அட்டையில் நான் கொஞ்சம் முன்னே பின்னே எழுதினால் என்ன?

நவம்பர் 15, சனி

சனிக்கிழமைதோறும் இவர் என் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் பார்ப்பார். இன்றைக்கு ஓரத்தில் ஒரு டிக் அடித்தார்.

"எல்லாம் பத்துக்குள்ளதான் இருக்கு. டிசம்பர் ஜீரோ உறுதி பியூலா."

"நீங்க சொன்னா மிஷின் கேக்குமா அத்தான்?"

"ரெண்டு பாயின்ட் கெடச்சா கோடு போட்டுரலாம். அதுலதான மூணாவதும் வரும்."

சந்தோஷமாக இருந்தார். சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே பாமாலைப் பாட்டு பாடினார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 27, வியாழன்

பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.

டிசம்பர் 10, புதன்

நாலு நாளாக மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, அங்கேயே பிரித்துத் தரச் சொல்லிப் போடுகிறேன். இவருக்குத் தெரியாது. மோதிரம் விரலைவிட்டு வரவில்லை, சோப்பு போட்டு உருவினேன்.

ஆண்டவரே, நாளைக்கு ஒரு நாள்.

டிசம்பர் 11, வியாழன்

பசை. குளிர். டாக்டர் கருவியை வைத்த மாத்திரத்திலேயே மணிக்கட்டில் சிவப்பு பூத்தது. கூடவே ஆரஞ்சு. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். டாக்டர் ஒவ்வொரு மூட்டாகப் போய் நர்ஸிடம் மார்க் சொல்லிக்கொண்டு வந்தார். மணிக்கட்டு மூன்று. சுட்டுவிரல் முட்டி இரண்டு. நடுவிரல் இரண்டு. இடது கையும் தப்பவில்லை.

பிறகு ஓர் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினார். "இந்த வெள்ளைக் கோடு எலும்போட கரை. செப்டம்பர்ல நேரா இருந்துச்சு. இப்ப இங்க ஒரு சின்னக் குழி இருக்கு பாத்தீங்களா? நோய் எலும்ப அரிச்சிருக்கு. வீக்கத்தக் குறைச்சிடலாம். இந்தக் குழிய மூட முடியாது."

அட்டையை எடுத்துப் பார்த்தார். "பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கையா பத்து நிமிஷத்துல சரியாச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "ஒரு வாரங்கூடத் தவறல டாக்டர். நாந்தான் கையில எடுத்துக் குடுப்பேன்."

"அப்படின்னா இந்த மருந்து தோத்துப்போச்சு. வேற மாத்திரைக்கு மாறணும். ஒண்ணு சொல்லிடறேன். அது உடம்புல ரெண்டு வருஷம்கூடத் தங்கும். அதனால குழந்தைப் பேச்சை இப்போதைக்கு மறந்துடுங்க. லிவர் டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த வியாழன் வாங்க. அதுவரைக்கும் பழைய மாத்திரையே ஓடட்டும்."

இவர் முகம் வெளுத்துவிட்டது. பாவம், என்னைவிட இவர்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தார் என்று அப்போதுகூட இவருக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

டாக்டர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "திங்கட்கிழமைக் குமட்டல் எப்படி இருக்கு?"

"அது நின்னு மூணு மாசம் ஆச்சு டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். லேப் சீட்டை இவர் கையில் கொடுத்து, கீழே போய்ப் பதிந்துவிட்டு வரச் சொன்னார். இவர் போனதும் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரைய எடுத்துத் தர்றது எப்பவும் அவர்தானா?"

"அவர் கணக்கு வாத்தியார் டாக்டர். அவர்ட்ட தப்பு வராது."

"நான் தப்புன்னு சொல்லலையே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருடமாக ஒரு மனுஷன் மாத்திரை எடுத்துக் கொடுத்து ஜெபம் பண்ணுகிறான், அவனைப் போய்ச் சந்தேகப்படுகிறார்களே என்று.

டிசம்பர் 12, வெள்ளி

மூன்று கல்யாணப் பெண்கள். நூல் வேலை முழுக்க ஷகிலாக்கா. நான் பவுடர் மட்டும் போட்டேன்.

டிசம்பர் 13, சனி

அலமாரியில் மாத்திரைப் பெட்டி இருக்கிறது. நான் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்?

டிசம்பர் 14, ஞாயிறு

கோயில் விட்டு வந்தோம், அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. இவர் என் உள்ளங்கையில் ஆறு மாத்திரைகளை வைத்து ஜெபம் தொடங்கினார். நான் கண்ணைத் திறந்தேன்.

ஆறு மஞ்சள் மாத்திரை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு.

ஞாயிற்று மாத்திரையில் கோடு கிடையாது. ஆனால் இதுவும் எனக்குத் தெரிந்த மாத்திரைதான். புதன்கிழமை போடுவது. ஞாயிற்று மருந்தின் வேகம் உடம்பை வாட்டாமல் இருக்க டாக்டர் கொடுத்த வைட்டமின். அதுவும் மஞ்சள், அதுவும் சின்னது. ஒரு புருவத்தில் எந்த முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லக்கூடியவள் நான். மூன்று மாதமாக என் உள்ளங்கையை நான் பார்க்கவில்லை.

ஆமென் என்றார். வாயில் போட்டதுபோல் கையைக் கொண்டுபோய், தண்ணீரை மட்டும் குடித்தேன். அவர் கறியைப் பார்க்க அடுப்படிக்குப் போனதும் அலமாரியைத் திறந்தேன். ஞாயிற்று மாத்திரை ஸ்ட்ரிப்புகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி இருந்தன. ஒன்றில்கூட ஓட்டை விழவில்லை. மாதா மாதம் ஒழுங்காக வாங்கியிருக்கிறார். வைட்டமின் ஸ்ட்ரிப்புகள்தான் சல்லடையாக இருந்தன.

இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 15 கடைசிக் குமட்டல். அதற்கு முந்தின நாள் ஞானஸ்நானம். ஒரு வாரத்துக்குள் முடிவெடுத்திருக்கிறார். அக்டோபர் 12-இல் நான் எழுதி வைத்திருப்பதைப் படித்தபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபம் ஏன் சுருங்கியது என்று இப்போது தெரிகிறது. கையில் இல்லாத மருந்தை ஆசீர்வதியும் என்று ஆண்டவரிடம் கேட்க அவருக்குப் பயம். அந்த வார்த்தையை மட்டும் கவனமாக எடுத்துவிட்டார். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது. என்னிடம் சொல்லலாம்.

கறி நன்றாக இருந்தது என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் இவர் ஷூ மாட்டும்போது ஆறு மாத்திரைகளையும் டீப்பாயில் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். அதுவே போதுமான பதில்.

"என்ன காரியம் பண்ணிருக்கீங்க அத்தான்?"

"ரெண்டு தடவ ஜீரோ வந்துட்டுல்லா. மூணாவதும் வரத்தான் போவுது. அதுக்கப்புறம் மருந்த நிறுத்தி இன்னும் மூணு மாசம் சும்மா இருக்கணும். அந்த மூணு மாசத்த மிச்சம் புடிப்போம்னு பாத்தேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

"என்ட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா ஒத்துக்கிட மாட்ட. பயப்படுவ." குரல் உடைந்தது. "நீயும் நல்லா இருக்கேன்னுதான எழுதுன? வாராவாரம் பாத்தேம்லா. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். ஒரு நாளாவது அரைமணி நேரம்னு எழுதிருந்தா அன்னைக்கே திருப்பிக் குடுத்துருப்பேன்."

சரியான இடத்தில் குத்தினார். அட்டையில் பொய் எழுதியது நான்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பொய் எழுதியது காகிதத்தில். இவர் என் வாயில் போட்டார். இரண்டும் ஒன்று என்று ஒரு கணக்கு வாத்தியார் என்னிடம் சமன்பாடு போடுகிறார்.

"சரி, அத விடுங்க. மருந்து தோத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னப்போ பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? ரெண்டு வருஷம் தங்குத மாத்திரைய எழுதப் போறாங்க. அப்பவாவது வாயத் தொறந்தீங்களா?"

கழற்றிய ஷூவின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை நீங்களே டாக்டர்ட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுதேன்" என்றார். ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

ஞாயிற்று மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கடைக்கு எடுத்துப் போய் ஷகிலாக்காவிடம் நீட்டினேன். காரணம் கேட்காமல் ஆறு மாத்திரையையும் அமுக்கி எடுத்துத் தந்தாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

குமட்டல். அழுகையும் வந்தது. எது எதனால் என்று தெரியவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

இவர் புதுச்சட்டை போட்டு வந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, லிவர் நன்றாக இருக்கிறது, புது மாத்திரையைத் தொடங்கலாம் என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். நான் காத்திருந்தேன். "கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். இரண்டு வருடம் அந்தப் பேனா முனையில் இருந்தது.

"எழுதாதீங்க டாக்டர். மருந்து தோக்கல. நாந்தான் போடல."

ஏன் அப்படிச் சொன்னேன்? இவரைக் காட்டிக்கொடுக்க நாக்கு வரவில்லை. ஏழு வருடப் பழக்கம் அது.

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். படித்தவள்தானே, எலும்பு அரித்த பிறகு வந்து சொல்கிறாயே, அட்டையிலும் பொய், வாயிலும் பொய் என்றார். நர்ஸ் காதிலும் விழுந்தது, வெளியே வரிசையில் இருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். நான் இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும் எனக்கு.

இவர் வாயைத் திறந்தார்.

"இனிமே நான் கவனமா பாத்துக்கிடுதேன் டாக்டர்."

கோப்பில் டாக்டர் என்னமோ எழுதினார். படிக்க முடிந்தது. நோயாளி மருந்து உட்கொள்ளவில்லை என்பதுதான் அது.

ஆட்டோவில் இவர் என் கையைப் பிடிக்க வந்தார். வலிக்கிறது என்றேன். உண்மையும் அதுதான்.

டிசம்பர் 20, சனி

கிறிஸ்மஸ் கூட்டத்தை ஷகிலாக்கா தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். முன்பதிவு இல்லை. கடைசி ஆள் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஞானஸ்நானம், ஜெபம், கோடு போட்ட மாத்திரை, ரப்பர் பேண்டு, நான் அட்டையில் எழுதிய பொய், ஒன்றையும் விடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வியாழக்கிழமை திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். கோப்பை வரவழைத்து அந்த வரியை அடித்து, மேலே வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே ஞாயிற்று மருந்தை இனி ஊசியாகவே போட்டுக்கொள்ளலாம், வாரம் ஒரு தடவை இங்கேயே வந்தால் நர்ஸ் போட்டுவிடுவார் என்றார். யார் கையிலிருந்தும் வாங்க வேண்டாம்.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மார்ச்லேருந்து பழையபடி ஸ்கேன் ஆரம்பிப்போம். மூணு ஜீரோ வந்தா குழந்தைக்குப் பாக்கலாம். கதவு இன்னும் மூடல பியூலா."

எத்தனை வருடம் காத்திருந்த பேச்சு இது. உள்ளே ஒன்றும் துள்ளவில்லை.

"ஸ்கேன் பாப்போம் டாக்டர். கைக்காகப் பாப்போம். பிள்ளைக்காக வேண்டாம்."

"இப்பவே முடிவெடுக்கணும்னு இல்லையே."

"எடுத்துட்டேன்."

வீட்டுக்கு வரும்போது இவர் ஸ்டூலில் ஏறி, வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். கடைக்கு போன் பண்ணியிருக்கிறார், நான் எங்கே போனேன் என்று தெரிந்திருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாங்க? பிள்ளைக்கு எப்ப பாக்கலாமாம்?"

"மூணு ஜீரோ வந்தா பாக்கலாம்னாங்க. நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்."

கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். நட்சத்திரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஸ்டூலை விட்டு இறங்கி என் முன்னால் வந்து நின்றார். இவ்வளவு கோபமாக இவரை நான் பார்த்ததில்லை.

"என்ட்ட ஒரு வார்த்த கேக்காம நீயா எப்படி முடிவெடுக்கலாம்?"

அவர் கேட்ட கேள்வி அவர் காதிலேயே விழட்டும் என்று, தொங்கிய நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.